நம்பிக்கை வந்தபிறகுதான் ஒரு குழு நம்முடையதாகுமா?

கேள்வி இதுதான்: "ஒரு குழுவில் சேர்ந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. யாரும் என்னிடம் தவறாக நடந்துகொள்ளவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் இவர்கள் என் ஆட்கள் என்ற உணர்வு வரவே மாட்டேன் என்கிறது. நம்பிக்கை வந்தால் அந்த உணர்வு வருமா, அந்த உணர்வு வந்தால்தான் நம்பிக்கை வருமா? நானாகத் துணிந்து ஏதாவது செய்ய வேண்டுமா?"

இரண்டுமே முதலில் வருவதில்லை என்பதுதான் என் பதில். முதலில் வருவது ஒரு சின்ன ரிஸ்க். ஒருவர் தன்னைச் சேர்ந்த ஏதோ ஒன்றை, பணமோ நேரமோ மானமோ ஒரு ரகசியமோ, அடுத்தவர் கையில் கொடுக்கிறார். அந்த அடுத்தவர் அதைக் கெடுக்க வாய்ப்பிருந்தும் கெடுக்காமல் விடுகிறார். பிறகு அவரும் தன்னுடைய ஏதோ ஒன்றை இவர் கையில் கொடுக்கிறார். இப்படி மாறி மாறி நடக்கும்போது நம்பிக்கையும் வளர்கிறது, 'நாம்' என்ற உணர்வும் கூடவே வளர்கிறது. நீங்கள் சொல்லும் குழுவில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே யாரும் யாரிடமும் எதையும் பணயம் வைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு குழுவைச் சேர்ந்தவர் என்று ஆவது ரொம்பச் சுலபம் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. சமூக உளவியல் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹென்றி டாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து, போர்க்கைதியாகி, திரும்பி வந்தபோது குடும்பத்தில் பெரும்பாலும் யாரும் உயிரோடு இல்லை. மனிதர்கள் 'நாம், அவர்கள்' என்று பிரிய எவ்வளவு குறைந்த காரணம் போதும் என்பதைத் தெரிந்துகொள்வது அவருக்கு வெறும் பாடத்திட்டக் கேள்வி அல்ல. 1970-இல் வெளியான அவருடைய ஆய்வில் பிரிஸ்டல் பகுதிப் பள்ளி மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். க்ளேயின் ஓவியம் பிடித்தவர்கள் ஒரு குழு, காண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தவர்கள் இன்னொரு குழு என்று சொல்லப்பட்டது. உண்மையில் ரசனையையே பார்க்காமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத்தான் பிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் முகம் தெரியாத மற்ற இருவருக்குப் பணம் பங்கிட வேண்டும். தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது. அப்படியும் மாணவர்கள் தங்கள் குழுக்காரர் பக்கமே சாய்ந்தார்கள். மொத்தத்தில் தங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட முன்னால் இருக்க வேண்டும் என்றுகூடச் சிலர் பங்கிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, ஒரு பெயர்ப்பலகை மாட்டினாலே போதும், மனிதன் குழுவோடு ஒட்டிக்கொள்வான் என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர் டோஷியோ யமாகிஷியும் அவரைச் சேர்ந்தவர்களும் இதே விஷயத்தை வேறு கோணத்தில் பார்த்தார்கள். டாஜ்ஃபெலின் சோதனை அறையில் எல்லாரும் பங்கிடுகிறார்கள். என் கைக்கு வரப்போவது மற்றவர்கள் எனக்குத் தருவதுதான். ஆக நான் அவர்கள் கையில் இருக்கிறேன். 'என் குழுக்காரர் என்னைப் பார்த்துக்கொள்வார்' என்ற எதிர்பார்ப்புதான் என்னையும் அவர் பக்கம் சாய வைக்கிறதோ? 1990-களில் இதைச் சோதித்தார்கள். பங்கிடுபவருக்கு மற்றவர்களிடமிருந்து எதுவும் வராது, அவர் வருமானம் ஏற்கெனவே நிச்சயம் என்று ஆக்கியபோது அந்தப் பாரபட்சம் காணாமல் போய்விட்டது. 2008-இல் யமாகிஷியும் மிஃபுனேயும் இன்னொன்றைக் காட்டினார்கள்: 'நாம் இருவரும் ஒரே குழு' என்பது இருவருக்கும் தெரிந்தால் ஒருவர் மற்றவருக்கு அதிகம் கொடுக்கிறார். தனக்கு மட்டும் தெரிந்து எதிராளிக்குத் தெரியாவிட்டால் அந்தச் சலுகை இல்லை.

இதுதான் முழு விளக்கம் என்று எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அடையாளத்துக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2014-இல் 212 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஒருவரை ஒருவர் சார்ந்திருக்கும் நிலையில்தான் சொந்தக் குழுச் சாய்வு கூடுதலாக இருந்தது. அடுத்த குழுவை வெறுப்பதைவிடச் சொந்தக் குழுவுக்கு உதவுவதாகவே அது பெரும்பாலும் வெளிப்பட்டது. எனக்கு இதிலிருந்து கிடைப்பது: குழு என்ற உணர்வின் அடியில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. என் பங்கு இவர்கள் கையில் இருக்கிறது, இவர்கள் பங்கு என் கையில் இருக்கிறது. அந்தக் கைமாற்றம் இல்லாத இடத்தில் பெயர்ப்பலகை வெறும் பலகைதான்.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு. சமூகவியலாளர் பீட்டர் கொல்லாக் 1994-இல் வெளியிட்டது. தென்கிழக்கு ஆசியச் சந்தைகளில் அரிசியும் ரப்பரும் விற்கும் முறைகளில் இருந்த வித்தியாசம்தான் அதற்குத் தூண்டுதல். அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும். அதனால் யாரிடம் வாங்கினால் என்ன? விலை குறைவாக இருப்பவரிடம் வாங்கிவிட்டுப் போகலாம். ரப்பர் அப்படியில்லை. பதப்படுத்தி மாதங்கள் கழித்துத்தான் அதன் தரம் தெரியும். மரத்திலிருந்து எடுத்தவர் ஒழுங்காக மெனக்கெட்டாரா என்பது வாங்கும் அன்று வாங்குபவருக்குத் தெரியாது. ஏமாற்ற இடம் நிறைய. அங்கேதான் தலைமுறை தாண்டிய வாடிக்கை உறவுகள் உருவாயின.

கொல்லாக் இதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். பொருளின் தரம் வெளிப்படையாகத் தெரிந்த சந்தையில் ஆட்கள் மாற்றி மாற்றி வியாபாரம் செய்தார்கள். தரம் மறைந்திருந்த சந்தையில் நேர்மையாக நடந்தவரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் நம்பகமானவர் என்று கூடுதலாக மதிப்பிட்டார்கள். வேறிடத்தில் இதைவிட லாபம் கிடைத்தபோதும் பழகிய ஆளை விட்டுப் போகாதவர்கள் இருந்தார்கள். கவனியுங்கள், முதல் சந்தையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. நல்லவர் என்று காட்ட அங்கே வாய்ப்பே இல்லை, அவ்வளவுதான். ஏமாற்ற முடியாத இடத்தில் ஒருவர் ஏமாற்றாமல் இருந்தால் அதிலிருந்து அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்துவிடாது.

சமூகவியலாளர் லிண்டா மோல்மும் அவருடன் இருந்தவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நேராகச் சொல்கிறது. இரண்டு வகைக் கொடுக்கல் வாங்கல். ஒன்றில் இருவரும் உட்கார்ந்து பேசி, 'நான் இவ்வளவு, நீ இவ்வளவு' என்று முடிவு செய்கிறார்கள். அது கட்டாயம் நடக்கும். இன்னொன்றில் பேச்சே இல்லை. ஒருவர் கொடுக்கிறார், திரும்ப வருமா வராதா என்று தெரியாமலே கொடுக்கிறார். இரண்டாவது வகையில்தான் நம்பிக்கையும் பாசமும் அதிகம் உருவாயின. இன்னொரு சமூகவியலாளர் பீட்டர் ப்ளாவ் 1964-லேயே இதை ஒரு கருத்தாகச் சொல்லியிருந்தார்; அது சோதனையில் நிரூபணமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மோல்ம் பின்னாளில் இன்னொன்றும் சேர்த்தார். பேரம் பேசும்போது இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், யாருக்கு எவ்வளவு என்பதே கண்ணில் படுகிறது. பேசாமல் கொடுக்கும்போது, 'இவர் என்னை நினைத்துச் செய்தார்' என்பது கண்ணில் படுகிறது.

இங்கேதான் பல குழுக்கள் நல்லெண்ணத்தோடு தவறு செய்கின்றன என்று நினைக்கிறேன். யாருக்கும் குறை வரக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் விதி, எல்லாவற்றுக்கும் முறை வைத்துவிடுகிறார்கள். யார் எவ்வளவு வேலை, யார் எப்போது பேசுவது, யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் எழுத்தில். பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் ஒருவர் உதவும்போது, 'விதி இருப்பதால் செய்தார்' என்ற எண்ணமே வருகிறது. யமாகிஷி இதற்கு இரண்டு சொல் வைத்திருந்தார். ஏமாற்றினால் அவருக்கே நஷ்டம் என்பதால் ஏமாற்ற மாட்டார் என்பது உத்தரவாதம். ஏமாற்றினால் அவருக்கு லாபம், ஆனாலும் ஏமாற்ற மாட்டார் என்பது நம்பிக்கை. 1994-இல் அவர் ஜப்பானியர்களையும் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டபோது, நெருக்கமான குழுக்களுக்குப் பெயர்போன ஜப்பானில் பொதுவாக மனிதர்கள் மீதான நம்பிக்கை அமெரிக்காவைவிடக் குறைவாக இருந்தது. அவருடைய விளக்கம்: ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் இறுக்கமான குழுவில் உத்தரவாதம் இருக்கிறது, அதனால் அறிமுகமில்லாதவரை நம்பிப் பார்க்கத் தேவையும் வருவதில்லை, பழக்கமும் வருவதில்லை.

விதிகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெரிய இழப்பு வரக்கூடிய இடங்களில் விதி இருந்தே ஆக வேண்டும். ஆனால் அதைத் தாண்டி ஆட்கள் தாங்களாகவே ஒருவருக்கொருவர் ஏதாவது செய்துகொள்ளக் கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு பலன் என்றால் ஏன் யாரும் துணிய மாட்டேன் என்கிறார்கள்? நஷ்ட பயம் என்று சொல்வது பாதி உண்மைதான். ஐரிஸ் போனெட், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் 2004-இல் ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டினார்கள். நஷ்டம் வருமா வராதா என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும் என்றால் ஆட்கள் ஓரளவு துணிகிறார்கள். அதே நஷ்டம், அதே லாபம், ஆனால் தீர்மானிப்பது எதிரே இருக்கும் ஒரு மனிதர் என்றால், அவர் நல்லபடி நடந்துகொள்வதற்கான வாய்ப்பு இன்னும் அதிகமாக இருந்தால்தான் இறங்குவேன் என்கிறார்கள். பணம் போவது ஒரு வலி. ஒருவர் தெரிந்தே நம்மைக் கைவிட்டார் என்பது அதன்மேல் தனியாக இன்னொரு வலி. அந்த இரண்டாவது வலிக்கு இடம் கொடுத்தால்தான், 'கைவிடவில்லை' என்ற சந்தோஷமும் கிடைக்கும். குலுக்கலில் ஜெயித்தால் பணம் வரும், உறவு வராது.

துணிந்தால் நல்லதே நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 1995-இல் பெர்க், டிக்ஹாட், மெக்கேப் மூவரும் நடத்திய பிரபலமான சோதனையில் ஒருவரிடம் 10 டாலர் இருக்கும். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் அறிமுகமில்லாத ஒருவருக்கு அனுப்பலாம். போகும் பணம் மூன்று மடங்காகும். பெற்றவர் விரும்பினால் திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். 32 பேரில் 30 பேர் ஏதாவது அனுப்பினார்கள், சராசரியாக 5 டாலரைக் கொஞ்சம் தாண்டி. திரும்பி வந்தது சராசரியாக அதைவிடச் சற்றுக் குறைவு. முகம் தெரியாதவரை ஒரே ஒருமுறை நம்புவது கணக்கில் பெரிய லாபம் அல்ல. திரும்பத் திரும்பச் சந்திக்கப் போகிற ஆட்களிடம்தான் அது வேறு கணக்காகிறது.

ஆபத்தைச் சேர்ந்து அனுபவித்தவர்கள் ஒட்டிக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் அதைத்தான் நினைக்கிறார்கள். அது உண்மைதான். 2011 லிபியப் புரட்சியில் சண்டையிட்ட 179 பேரிடம் ஹார்வி வைட்ஹவுஸ் குழுவினர் கேட்டபோது, முன்வரிசையில் நின்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குடும்பத்தைவிடத் தங்கள் படைப்பிரிவோடுதான் அதிகம் ஒன்றியிருப்பதாகச் சொன்னார்கள். பின்னாலிருந்து உதவியவர்களிடம் அது கணிசமாகக் குறைவு. ப்ரோக் பாஸ்டியனும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பனிநீரில் கைவிட்டு வலியைச் சேர்ந்து தாங்கிய அந்நியர்கள், வலியில்லாமல் அதே வேலையைச் செய்தவர்களைவிட அதிகமாக ஒட்டினார்கள். பிறகு நடந்த விளையாட்டில் அதிகமாக ஒத்துழைத்தார்கள். ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக்கே ஊரில் நெருப்பு மிதிப்பவர்களின் இதயத் துடிப்பும், பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய சொந்தக்காரர்கள், நண்பர்களின் துடிப்பும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியதை 2011-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. சம்பந்தமில்லாத பார்வையாளர்களிடம் அது இல்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, 'புதிதாக வருபவரைக் கொஞ்சம் கஷ்டப்படுத்தினால் குழுவோடு ஒட்டிக்கொள்வார்' என்று முடிவு செய்பவர்களை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. கல்லூரி ராகிங்கை நியாயப்படுத்த இந்த வாதத்தைத்தான் கொண்டு வருகிறார்கள். அதற்கு ஆதாரமாக அரோன்சன், மில்ஸ் இருவரின் 1959 ஆய்வையும் காட்டுவார்கள். கூச்சப்பட வைக்கும் கடுமையான நுழைவுச் சோதனைக்கு ஆளான பெண்கள், தாங்கள் சேர்ந்த குழுவின், வேண்டுமென்றே சலிப்பாக அமைக்கப்பட்ட ஒரு விவாதத்தை மற்றவர்களைவிடச் சுவாரஸ்யமானது என்று மதிப்பிட்டார்கள். அது காட்டுவது நம்பிக்கையை அல்ல. இவ்வளவு பட்டும் இது வீணா என்று ஒத்துக்கொள்ள மனம் வராததைத்தான் அது காட்டுகிறது. போர்முனையில் எல்லாருக்கும் ஒரே ஆபத்து. ராகிங்கில் புதியவருக்கு மட்டும்தான் ஆபத்து. மூத்தவர் எதையும் பணயம் வைக்கவில்லை. அங்கே மூத்தவரை நம்பலாம் என்று புதியவர் கற்றுக்கொள்ள எதுவுமே நடக்கவில்லை. நேர்மாறானதைத்தான் கற்றுக்கொள்கிறார்.

இன்னொரு போலி வகையும் இருக்கிறது. குற்றக்கும்பல்களை ஆராய்ந்த டியேகோ கம்பெட்டா காட்டியது: ஒருவரின் குற்றத்துக்கான ஆதாரம் மற்றவரிடமும், மற்றவருடையது இவரிடமும் இருந்தால் இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒத்துழைப்பு நடக்கும். ஆனால் அது யமாகிஷி சொன்ன உத்தரவாதத்தின் கடைசி எல்லை. சில குழுக்களில் 'மனம் விட்டுப் பேசலாம்' என்று தொடங்கி, பேசியதையெல்லாம் பிறகு பிடியாக வைத்துக்கொள்வதைப் பார்க்கிறோம். வெளியேறினால் உன் கதை வெளியே வரும் என்ற பயம் இருக்கும் இடத்தில், ஒட்டியிருப்பதைச் சொந்தம் என்று எண்ணிவிடக்கூடாது.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. நீங்கள்தான் துணிய வேண்டுமா? இதில் நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது, ரிஸ்க்கின் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல என்பது. குழுவில் நாற்காலி உறுதியாக இருப்பவர் 'எனக்கு இது புரியவில்லை' என்று சொன்னால் அடக்கமானவர் என்பார்கள். அந்தக் குழுவில் தன்னைப்போல் வேறு யாரும் இல்லாத ஒருவர் அதையே சொன்னால், 'இவரால் முடியாது என்று முன்பே நினைத்தோம்' என்று ஆகிவிடலாம். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாமாண்டு மாணவர்களைப் பற்றியது. 'இங்கே எனக்கு இடமுண்டா என்ற சந்தேகம் ஆரம்பத்தில் எல்லாருக்கும் இருக்கும், போகப்போகக் குறையும்' என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படித்து, அதைப் பற்றி எழுதுவது, பேசுவது, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்தான். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. திறமையில் ஏதும் சேர்க்கப்படவில்லை. யாரோ பேசாமல் போனதை, ஒரு தாளில் வந்த குறைந்த மதிப்பெண்ணை, 'நான் இந்த இடத்துக்கு உரியவன் இல்லை' என்பதற்கான சாட்சியாகப் படிக்காமல் இருக்க அது உதவியது.

ஆகவே முதல் அடி பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களுடையது என்பதே என் கருத்து. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல உறவும் இருந்த பிரிவுகளில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் புரியவில்லை. அப்புறம் தெரிந்தது, அங்கே தவறைச் சொல்ல ஆட்கள் பயப்படவில்லை. 1999-இல் 51 பணிக்குழுக்களை வைத்து அவர் எழுதியதில், மற்றவர்முன் ரிஸ்க் எடுக்க இந்தக் குழு பாதுகாப்பானது என்று எல்லாரும் சேர்ந்து நம்புவதை உளவியல் பாதுகாப்பு என்று வரையறுத்தார். அதை அறிவிப்பால் கொண்டுவர முடியாது. தலைவர் தன் தவறை முதலில் சொல்ல வேண்டும், சொன்ன அடுத்த ஆள் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது.

உள்ளே இருப்பவர்கள் செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால் சின்னதாகத் தொடங்குங்கள். எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, உதவி கேட்பது. உதவி செய்வது எல்லாருக்கும் தோன்றும். கேட்பதில்தான் ரிஸ்க் இருக்கிறது, மறுக்கப்படலாம் என்பதால். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னை எதிர்த்த ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் அரிய நூல் ஒன்றை இரவல் கேட்டு வாங்கி நட்பைப் பெற்றதாக எழுதியிருக்கிறார். ஜெக்கர், லேண்டி இருவரும் 1969-இல் இதைச் சோதித்தார்கள். சோதனையில் ஜெயித்த பணத்தை ஆய்வாளரே நேரில் வந்து தனக்கு உதவியாகத் திருப்பிக் கேட்டபோது, கொடுத்தவர்களுக்கு அவரை முன்பைவிடப் பிடித்துப்போயிற்று.

தன்னைப் பற்றிச் சொல்வதிலும் அளவு முக்கியம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது துணிச்சலாகத் தெரியலாம். ஆனால் நீங்கள் கொஞ்சம், அவர் கொஞ்சம் என்று மாறி மாறிப் பேசும்போதுதான் நெருக்கம் கூடுவதாக ஸ்ப்ரெக்கரும் சகாக்களும் 2013-இல் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, அவர் அனுதாபமாகத் தலையாட்டினாரா என்பதை அல்ல. பதிலுக்கு அவரும் தன்னுடைய ஏதாவதொன்றைத் திறந்தாரா, நீங்கள் சொன்னது மூன்றாம் ஆளிடம் போகாமல் இருந்ததா என்பதை.

ஆரம்பத்தில் பெரிய பணயம் வைக்க வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. லவுண்ட் என்பவரும் சகாக்களும் 2008-இல் காட்டியபடி, உறவின் தொடக்கத்திலேயே நடந்த ஏமாற்றம், பல சுற்று நன்றாகப் போனபின் நடந்த ஏமாற்றத்தைவிட மீட்கக் கடினமானது. முதல் அடியே தவறினால் அதைத்தான் அந்த மனிதரின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். பின்னால் நடந்தால் 'ஏதோ ஒருமுறை' என்று விடுகிறோம்.

இரண்டு மூன்று பேரிடம் இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்து பாருங்கள், குழு முழுவதையும் ஒரே நேரத்தில் நம்ப வேண்டியதில்லை. யாராவது ஒருவர் பதில் கொடுத்தாலும் அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். நாட்கள் போயும் ஒருவர்கூடக் கொடுக்கவில்லை என்றால், உங்களிடம் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிப்பதற்காக மட்டும் கூடியிருக்கும் குழுக்கள் உண்டு. விதிகள் அவர்களுக்குப் போதும், அதில் தப்பும் இல்லை. அங்கே உங்கள் பங்கு வேலையைச் செய்துவிட்டு, துணிவை வேறு குழுவுக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் சொன்னதைப் பிறகு உங்களுக்கு எதிராக யாராவது பயன்படுத்தினால், இன்னும் கொஞ்சம் நம்பிப் பார்க்கலாம் என்று அங்கேயே பணயத்தைக் கூட்டாதீர்கள். அதை நிறுத்திவிடுங்கள்.